ஆடிட்டர் வீட்டு வைஃபை

அந்தப் பழைய லேப்டாப்பைத் தலைமுழுகிவிடுவது என்று ஆடிட்டர் முடிவு கட்டிவிட்டார். கடையில் புதியதற்கு ஆர்டர்கூடக் கொடுத்தாயிற்று. மனைவியின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. அதாவது, எல்லாமே பாக்கி.

நன்றாக ஓடுகிற சாமானை மாற்றக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் மனைவி. பல் டாக்டர். ஆட்டம் காணாத எதையும் பிடுங்க ஒப்பமாட்டாள். ஆகவே லேப்டாப் ஆட்டம் கண்டாக வேண்டும்.

காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் புத்தம்புது ரகத்துக்கு மாற்றினார். புதுப் போன்களுக்கு அந்த ரகம் தெரியும். கிழட்டு லேப்டாப்புக்குத் தெரியாது. திருதிருவென்று முழித்துவிட்டு, 'இணைக்க முடியவில்லை' என்றது. தன் மூளையை நினைத்து ஆடிட்டருக்கே புல்லரித்தது.

மனைவி ஈரத் தலையோடு வந்ததும் கூப்பாடு போட்டார்.

"ஐயோ, போச்சு! நெட்டே வரல!"

"என் போன்ல வருதே?"

"போன்ல வரும். இதுக்கு வயசாயிடுச்சும்மா."

"பழைய கனெக்‌ஷனை அழிச்சுட்டு பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணி?"

"எத்தனை தடவை! விரலே தேஞ்சு போச்சு."

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா?"

"உயிர் போயிடுச்சு." ஆடிட்டர் குரல் தழுதழுத்தது. அவருக்கே கொஞ்சம் அழுகை வந்தது. "எவ்வளவு உழைச்சிருக்கு, பாவம்!"

"பாவம்தான்." அவளும் உச்சுக் கொட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து, போனை எடுத்து ஏதோ தட்டினாள். கிளினிக் வேலையாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இழுத்துக்கிட்டுக் கெடக்கறதைவிட, மரியாதையா வழியனுப்பிடலாம். இதோட காலம்..."

'டிங்' என்றது பிணம். நெட் வந்துவிட்டது. அடைந்து கிடந்த மெயிலெல்லாம் மடமடவென்று இறங்கிற்று. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஒன்று: 'உங்கள் புதிய லேப்டாப் இன்று வந்து சேரும்.'

ஆடிட்டர் சட்டென்று உள்ளங்கையால் அந்த வரியை மறைத்தார்.

"ரவுட்டர் செட்டிங்கை மாத்தற ஆப் என் போன்லயும் இருக்குங்க. நீங்க மாத்தின உடனே மெசேஜ் வந்துச்சு. இப்ப பழையபடி மாத்திட்டேன்" என்றாள் அவள், சாவகாசமாக. "சரி, புது லேப்டாப் யாருக்கு?"

ஊரார் கணக்கில் ஓட்டை பிடிக்கிறவருக்குத் தப்பி ஓட ஒரே ஒரு ஓட்டைதான் தெரிந்தது.

"உ... உனக்குத்தான்! சொல்லாம குடுக்கலாம்னு..."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம் என்று ஆடிட்டருக்குத் தோன்றியது. அதற்குள் விட்டுக்கொடுத்தும் ஆகிவிட்டது.

"தெரியுங்க" என்று கன்னத்தைத் தட்டினாள். "என்ன கலர் வேணும்னு கேட்டு, கடைக்காரர் நேத்து வீட்டுக்குப் போன் பண்ணாரு. எனக்குப் பிடிச்ச சிவப்பு கலர்லயே அனுப்பச் சொல்லிட்டேன்."