முருகா கணக்கில் என் மோட்டாரே முதலிடம்

அறிவிலும் பிடிவாதத்திலும் தாய்மாமனை மிஞ்சிவிட்ட மருமகள் துளசிக்கு, ஈப்போவிலிருந்து மாமன் பத்துமலை வரையும் மடல். இங்கு நான், உன் அத்தை ராக்காயி, என் மோட்டார் சைக்கிள் மூவரும் சுகம். அங்கு நீயும் வரப்போகும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

சாலைப் பாதுகாப்பை அளக்கும் உத்தியோகம் உனக்குக் கிடைத்ததும் போனில் நீ என்ன சொன்னாய்? "மோட்டார விட்டாத்தான் என் கல்யாணத்துக்கு வரணும் மாமா. எதுல ஆபத்து கூடன்னு கிலோமீட்டர் கணக்குல நீங்களே பாருங்க லா." பார்த்தேன். பயம் வந்தால் உன் அத்தை "முருகா" என்பாள். கிலோமீட்டருக்கு எத்தனை முருகா? இதைவிட நுட்பமான கருவி உங்கள் அலுவலகத்தில் உண்டா?

முதலில் லூமுட்டுக்குப் பஸ். ஒரு வளைவில் பஸ்ஸின் பின்பாதி முன்பாதியை முந்தப் பார்த்தது. அத்தை தொடங்கிவைக்க, சீனர் மலாய்க்காரர் எல்லாரும் சேர்ந்து முருகா பாட, டிரைவர் வண்டியை நிறுத்தித் திருநீறு கேட்டார். அங்கிருந்து பங்கோர் தீவுக்கு ஃபெரி. கயிற்றை அவிழ்ப்பதற்குள்ளேயே ஏழெட்டு முருகா, போன தூரமோ ஒரு முழம், வகுத்துப் பார்த்தால் கடற்படையே நடுங்கும். அப்புறம் ஓர் அலை வந்ததில் மீன்களெல்லாம் ஏறி சீட்டில் உட்கார்ந்துகொள்ள, நாங்கள் நின்றுகொண்டே போனோம். ரயில் இன்னும் மோசம். ஈப்போவில் "முரு" என்றவள் "கா" சொல்வதற்குள் கம்பார் தாண்டிவிட்டது. அதை எந்த ஸ்டேஷன் கணக்கில் எழுதுவது?

கடைசியாக என் மோட்டாரில் தெலுக் இந்தானுக்கு. வழியில் கோப்பேங்கில் பெட்ரோல் எண்ணெய் ஊற்றிக் கிளம்பியதிலிருந்து, செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி ஊர் சேரும்வரை ஒரு முருகாகூட இல்லை. லாரிகள் ஒதுங்கி நின்று வணங்கின. பின்னால் ஆள் இருக்கும் பாரமே தெரியவில்லை, அப்படியொரு பூப்போன்ற ஓட்டம். கணக்கு பூஜ்யம். ஆகவே மோட்டாரும் நானும் கல்யாணத்துக்கு வருவோம். தாய்மாமன் இல்லாத மணவறை டயர் இல்லாத வண்டி, ஞாபகம் இருக்கட்டும்.

பெறவேண்டிய பேறெல்லாம் பெற்று, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலை கடந்து, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
பத்துமலை

பின்குறிப்பு: அத்தை கடிதத்தைப் படித்துவிட்டாள். கோப்பேங்கில் இறங்கியவள் ஏறுவதற்குள் நான் கிளம்பிவிட்டதையும் எழுதச் சொல்கிறாள். தெலுக் இந்தானில் திரும்பி, "பாத்தியா புள்ள, ஒரு முருகா இல்ல" என்று காலி சீட்டிடம்தான் பெருமையடித்தேன். போன் போட்டால், "அங்கனயே இருங்க, நா பஸ்ல வாரேன்" என்றாள். நான் லாரிகளுக்கு நடுவே மறைந்ததிலிருந்து அந்த போன் வரும்வரை எண்ணெய்க் கடை வாசலில் நின்று அவள் சொன்ன முருகாவுக்கு, பஸ், ஃபெரி, ரயில் மூன்றையும் கூட்டினாலும் ஈடாகாதாம். இந்தக் கடிதத்தில் இது ஒன்றுதான் உண்மை. சாவி அவளிடம். பஸ்ஸில் வருகிறோம்.