மூக்கு மாமேயும் கொரட்டூர் போர்டும்

1999 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போலத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், இட்லி சாப்பிட்டேன், ஆவடியில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள எங்கள் போர்டு செய்யும் பட்டறையைத் திறந்தேன். விடுமுறை நாள்தான். ஆனால் பட்டறையில் தகடு மடிக்கும் மூக்கு மாமே, தன் மனைவி வசந்தா கொரட்டூரில் திறக்கவிருந்த தையல் கடைக்கு போர்டு செய்ய முதலாளியிடம் அனுமதி வாங்கியிருந்தார். மேற்பார்வையாளன் என்பதால் சாவி என்னிடம்.

அம்பத்தூர் முழுக்கத் தகடு மடிப்பவர்கள் உண்டு. மடித்த தகட்டிடம் காது கொடுத்துக் கேட்டவர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அப்போதுதான் எங்களுக்கு ஏ.சி.பி. ஷீட் வரத் தொடங்கியிருந்தது. இரண்டு அலுமினியத் தோல், நடுவில் கறுப்பு பிளாஸ்டிக். மடிக்க வேண்டுமானால் பின்பக்கம் ரௌட்டர் என்ற குடையும் மெஷினால் பள்ளம் போட வேண்டும், முன்தோலைத் தொடக்கூடாது. அதில் மாட்டிப் பள்ளம் போடும் பிட்டின் நுனியைத்தான் மாமே 'மூக்கு' என்பார். கண்ணாடியைக் கழற்றி, ஒற்றைக் கண்ணை மூடி, ஒவ்வொரு மூக்காகப் பார்ப்பார்.

"இன்னா மாமே, பிட்டு பாக்கிறியா, பொண்ணு பாக்கிறியா?" என்பான் வெல்டர் பாபு.

"பொண்ணு பாக்க அஞ்சு நிமிசந்தான் ஆச்சு. அதான் இப்ப உஷாரா கீறேன்."

அன்று மாமேயின் செல்ல மொட்டை மூக்கு பிட்டைக் காணவில்லை. மறுநாள் காலை கடை திறப்பு. கையிலிருந்த சிவப்பு ஷீட் மிச்சம் விழுந்த ஒன்றே ஒன்று; மூலை வெடித்தால் வேறு கிடையாது. சம்பந்தி வீட்டாரிடமெல்லாம் போர்டைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்.

"நீதான்டா எடுத்த!" என்று உதவிக்கு வந்திருந்த பாபுவின் மேல் பாய்ந்தார்.

"நான் வெல்டரு மாமே! அத வெச்சிகினு பல்லா குத்தப் போறேன்?"

மதியச் சோற்றோடு வசந்தா வந்தார். மேசையில் கிடந்த கூர்மையான பிட்டை எடுத்துப் பார்த்தார். "இதான் நல்லா கூரா கீதே. இத்த போட்டு முடியேன்."

"கூரு ஆவாது வசந்தா. இழுப்பு மொத்தமும் ஒரே கோட்ல வுழுந்து தோலு கிழிஞ்சிடும். நீ அக்குள்ல துணி வுட்டு தைக்கல? அந்த மாரி மூக்குல கொஞ்சம் அகலம் வோணும்."

"மொட்டையா ஒண்ணு, மஞ்சத்துணில சுத்தினதா? அது என் மிஷின் டிராயர்ல பாபினோட கீது. எவனும் தொடக்கூடாதுன்னு நீதானய்யா ஒளிச்சு வெச்ச!"

பாபு சிரித்த சிரிப்பில் தகரக் கூரையே அதிர்ந்தது. மாமே பட்டறைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொரட்டூருக்குப் பறந்தார்.

திரும்பி வந்ததும் முதலில் துண்டுத் தகட்டில் பள்ளம் போட்டு, மடித்து, விரிசல் விடும் சத்தம் கேட்கிறதா என்று காதில் வைத்தார். பிறகு சிவப்பு ஷீட். பள்ளம் போட்டு முடித்துப் ஓரத்தை மெல்ல மடித்தபோது வசந்தா பார்க்கப் பயந்து என் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமே மூலையில் காதை வைத்தார்.

"இன்னா சொல்லுது?" என்றான் பாபு.

"ஒண்ணும் சொல்லல நைனா. அதான் நல்ல சேதி!"

வசந்தா மூலையை விரலால் வருடினார். "இஸ்திரி போட்ட மாரி கீது," என்றார். மாமே அன்றைக்கு அதற்குமேல் எங்கள் யாரோடும் பேசவில்லை. அந்த உயரத்திலிருந்து எங்களைத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை நான் பட்டரவாக்கத்தில் இறங்கவில்லை. நேரே கொரட்டூர் போய், கடைக்கு யாரும் வருவதற்கு முன், அந்தச் சிவப்பு மூலையில் என் காதை வைத்தேன்.