பதினாறு கோர் வைராக்கியம்

முதலில் வம்புக்கு இழுத்தது மச்சான்தான். இதை யார் கேட்டாலும் டிரைவர் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

முப்பத்தொரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர் அவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஞாபகம் மட்டும் கல்வெட்டு. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு டெப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போன கண்டக்டரோடு பத்தொன்பது வருடமாகப் பேச்சு கிடையாது. அந்தக் கண்டக்டருக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது.

மச்சான், மனைவியின் தம்பி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டியவன் இல்லை. அதையும் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டுதான் ஓட்டுவான். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் இருந்தது. மேஜை மேல் ஸ்டீயரிங், மேஜைக்குக் கீழே பெடல். ஒருநாள் குடும்பமே கூடியிருந்தபோது, "வாங்க மாமா, ஒரு ரவுண்டு" என்று டிரைவரை உட்கார வைத்தான். யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்கு ஜெயம்.

மச்சான் இரண்டு நிமிடத்தில் வந்தான். டிரைவர் ஏழு நிமிடத்தில் வந்தார்.

"என்ன மாமா, வழியில யாராச்சும் கை காட்டினாங்களா? நிறுத்தி ஏத்திக்கிட்டு வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தில்கூட லேசாக உதடு அசைந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து, மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப்பில் டிரைவர் பழகிப் பார்த்தார். படம் விக்கி விக்கி வந்தது. வளைவு வருகிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்குள் கார் சுவரில் இருந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கோளாறு வண்டியில்! மச்சான் வீட்டு வண்டியிலும் ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும். ஓட்டுகிறவன் மேல் தப்பே இல்லை.

உடனே ஒரு சபதம் எடுத்தார். ஊரிலேயே வலுவான கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்ட வேண்டும். மச்சானைக் கூப்பிட்டு ஜெயிக்க வேண்டும். சிரித்த அத்தனை பேருக்கு முன்னாலும் அவன் வாயால், "மாமா, நான் பேசினது தப்பு" என்று சொல்ல வைக்க வேண்டும். அந்த நாலு வார்த்தை போதும். மூன்று வார்த்தைக்கு அவர் இறங்கி வரத் தயாராக இல்லை.

ஆனால் மனைவிக்குத் தெரியக்கூடாது. வீட்டிலேயே துணி தைக்கும் அவள் இவருக்குப் பெண்டாட்டிதான். அதற்கு முன்பே அவனுக்கு அக்கா ஆகிவிட்டாளே!

முதல் கடையில் பிராசஸர் வாங்கினார்.

"இது என்ன செய்யும்?" என்று கேட்டார்.

"இதுதாங்க மூளை."

"மூளை என்கிட்ட இருக்கு. இன்ஜின் எது?"

"அதுவும் இதுதாங்க. கேம் ஆடத்தானே? உள்ளே எட்டு இன்ஜின் மாதிரி எட்டு கோர் இருந்தாப் போதும்."

"இருக்கறதிலேயே பெருசு எது?"

"பதினாறு கோர். ஆனா கேமுக்கு அவ்வளவு..."

"பதினாறு குடு."

கடைக்காரர் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டே, "பேரனுக்கா தாத்தா?" என்றார்.

கதை அங்கேதான் திரும்பியது. இனி இந்தக் கடை வாசற்படியை மிதிப்பதில்லை என்று டிரைவர் அந்த நிமிடமே முடிவு செய்தார். பிராசஸரைப் பொருத்துகிற மதர்போர்டை எதிர்க் கடையில் வாங்கினார். "எந்த பிராசஸருக்கு சார்?" என்று எதிர்க் கடைக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் எதிரியின் கடையில் வாங்கிய சரக்கைப் பற்றி இங்கே எதற்குச் சொல்ல வேண்டும்? "பெரிய பிராசஸருக்கு" என்று மட்டும் சொன்னார். அட்டையில் பெரிதாகக் கழுகுப் படம் போட்ட பெட்டியைக் காட்டி, "அதை எடு" என்றார்.

பிராசஸர் டப்பா பழைய யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குள் அடங்கிவிட்டது. மதர்போர்டுப் பெட்டிதான் அடங்காமல் கையிலேயே வீட்டுக்கு வந்தது.

"என்னங்க அது கையில?"

"சங்கத்துல குடுத்தாங்க. சுவர்க் கடிகாரம்."

"நல்லதாப் போச்சு, நம்மது ஓடவே மாட்டேங்குது. பிரிங்க, மாட்டிடலாம்."

"ஆணி இல்ல."

"என்கிட்ட இருக்கு."

"சுவர் சரியில்ல. ஈரம்."

"முப்பது வருஷமா இல்லாத ஈரம் இன்னைக்கு வந்துடுச்சா?"

"கடிகாரத்துக்கு ஈரம் ஆகாதுடி. சொன்னாப் புரிஞ்சுக்க."

"ஓ" என்றாள் அவள். தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்த "ஓ"வைக் கேட்டு அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். இத்தனை வருடம் குடும்பம் நடத்திய ஒருவர் அந்த "ஓ"வுக்கு நிம்மதியாக மூச்சு விட்டிருக்கக் கூடாது.

மறுநாள் அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போனதும் கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பினார். மதர்போர்டின் நடுவில் ஒரு சதுரம். அதில் நூற்றுக்கணக்கில் பொடிப் பொடி ஓட்டைகள். பிராசஸரைத் திருப்பினார். அடிப்பக்கம் வழவழவென்று தங்கப் புள்ளிகள். ஓட்டைக்குள் நுழைய ஊசி என்று ஒன்றுகூட இல்லை.

தாத்தா என்று சொன்னவன் ஊசியையும் உருவிவிட்டான்!

கட்டை விரலை வைத்து அவர் ஓங்கி அழுத்தப் போன சமயத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கடிகாரம் எத்தனை மணி காட்டுது?"

டிரைவருக்கு முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக பிரேக் பிடிக்கவில்லை.

"திருட்டுப் பய, ஊசி இல்லாத சிப்பைத் தலையில கட்டிட்டான்!"

அவள் இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். இடுப்பில் தொங்கிய டேப்பை எடுத்து அந்தச் சதுரத்தை அளந்தாள். சிப்பையும் அளந்தாள்.

"இந்தப் பொத்தானுக்கு இந்தக் காஜா இல்லீங்க."

"என்னது?"

"இது வேற சட்டைப் பொத்தான். யாரும் எதையும் உருவல. நீங்கதான் ரெண்டு கடையில ரெண்டு அளவு வாங்கிட்டு வந்திருக்கீங்க. கடைக்காரரைக் கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கணும்?"

"ஆமா, வழி கேக்காமலே முப்பத்தொரு வருஷம் ஒரே ரோட்டுல ஓட்டினவராச்சே. பிரிச்ச பெட்டியை இனி மாத்தித் தருவானா?"

"மாட்டான்."

"எனக்கு மாத்துவாங்க. ரெண்டு கடைக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க பள்ளிக்கூட உடுப்பும் இந்த மெஷின்லதான் தைச்சது. எதுக்கு வாங்கினீங்கன்னு மட்டும் உண்மையைச் சொல்லுங்க."

சொன்னார். சபதம், நாலு வார்த்தை, மாமனார் படம் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"சரி. ஆனா கம்ப்யூட்டர் என் தையல் ரூம்லதான் இருக்கும். அங்கதான் மேஜை இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

மாலையில் அவள் ஒரு வண்டி நிறைய சாமானோடு வந்து இறங்கினாள். பதினாறு கோரைக் கொடுத்துவிட்டு எட்டு கோர் வாங்கியிருந்தாள். அதற்கு ஏற்ற மதர்போர்டில் ஓட்டைக்குப் பதில் மயிரிழை ஊசிகள் நின்றன. மிச்சத்துக்குக் கனமான கிராஃபிக்ஸ் கார்டு, ஸ்டீயரிங், பெடல்.

"எட்டா? பாதியைக் குறைச்சுட்டியே!"

"விளையாட்டுக்கு எட்டே ஜாஸ்தியாம். படம் ஓட்டறது இந்தக் கார்டுதானாம். அந்த ஊசி மேல விரல் படக்கூடாதாம்."

"உனக்கு யார் சொன்னா?"

"கேட்டேன். கேட்டா சொல்றாங்க."

பூட்டியதும் அவளேதான். டிரைவர் திருப்புளி எடுத்துக் கொடுத்தார். அதிலும் இரண்டு தடவை தப்பானதை எடுத்துக் கொடுத்தார்.

பந்தயம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. டிரைவர் தினமும் காலையில் பழகினார். சாப்பிட்டு எழுந்ததும் அவள் நூல் வாங்க அனுப்பினாள். கையில் ஒரு துண்டுத் துணி. "இதே ஊதா. கொஞ்சம் கூடினாலும் வேண்டாம், குறைஞ்சாலும் வேண்டாம்." நூல் கடை நாலு ஸ்டாப்பிங் தள்ளி. அவர் வாங்கி வந்த ஊதா ஒருநாள் கூடியது, மறுநாள் குறைந்தது, அதற்கு மறுநாள் ஊதாவே இல்லை என்றாள். திரும்பி வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பெட்டி சுடும்.

"ஏன் இது சுடுது?"

"வெயில்."

நியாயமான பதிலாகத்தான் இருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் இல்லை என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அன்று சிரித்தவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். மச்சான் முதலில் ஓட்டினான். இரண்டு நிமிடம், பத்து விநாடி. டிரைவர் உட்கார்ந்தார். படம் தண்ணீராக ஓடியது. மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. ஓரத்தில் நின்று கை தட்டுகிறவர்கள் முகம்கூடத் தெரிந்தது. முகம் தெரிந்ததுதான் வினை. ரோட்டோரம் ஆள் நிற்பதைப் பார்த்ததும் அவருடைய வலது கால் அவரைக் கேட்காமலே பிரேக்குக்குப் போனது. இந்தத் தடவை குறை சொல்ல வண்டியில் ஒன்றுமில்லை. அவருடைய தோல்வி ஒரு விக்கல்கூட இல்லாமல், பளிச்சென்று, ஆறு நிமிடம் ஓடியது.

மச்சான் வாயைத் திறந்தான். அதற்குள், "நகருங்க" என்றாள் மனைவி.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். வலது பாதத்தைப் பெடல் மேல் வைத்தாள். மெஷின் பெடலை அரை நூல் அளவுக்கு அழுத்தி, அரை நூல் அளவுக்கு விடுகிற கால் அது. கார் கழுத்துப் பட்டியைச் சுற்றித் தைப்பது போல வளைவை ஒட்டியே போனது. ஒரு இடத்திலும் நூல் அறுந்தாற்போல நிற்கவில்லை.

ஒரு நிமிடம், ஐம்பத்தெட்டு விநாடி.

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"என் புருஷனைப் பாத்துச் சிரிக்க நான் ஒருத்தி போதும்டா. நீ ஆபீஸ்ல போய்ச் சிரி."

டிரைவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணில் ஏதோ விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார். பிறகு மச்சானை நேராகப் பார்த்தார். இப்போது அவன் சொல்லியாக வேண்டும்.

மச்சான் எழுந்தான். தலையைச் சொறிந்தான்.

"அக்கா, நான் பேசினது தப்பு" என்றான்.

"அதை என்கிட்டச் சொல்லணும்!" என்று கத்தினார் டிரைவர்.

"ஜெயிச்சது அக்காதானே மாமா?"

"நியாயம்தானே" என்றார் மாமியார்.

அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் விட்டதும் மச்சான் நேராக இங்கேதான் வருகிறான். தோற்ற கடுப்பு. அக்காவும் தம்பியும் தையல் அறையில் மாறி மாறி ஓட்டுகிறார்கள். டிரைவர் தன் முறைக்காக வாசலில் நிற்கிறார். நிற்கிறவருக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதால் டீ போட்டுக் கொடுக்கிறார்.

நேற்று டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்த மச்சான், ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தான். ஏதோ சொல்லத் தயங்கினான். டிரைவர் நிமிர்ந்து நின்றார். வந்துவிட்டது.

"மாமா... தப்பா எடுத்துக்காதீங்க... சக்கரை போடல."