பாவாடை உடம்பில் ஒரு புறம்போக்கு

இடஒதுக்கீட்டில் தங்கள் பங்கைக் கேட்டு, ஊர் ஊராக மக்கள் மனுக் கொடுத்துக்கொண்டிருந்த வருடம் அது. கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு நாராயணசாமி மாற்றலாகி வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் நிலப் பிரிவில் இருந்தவர். உலகத்தில் உள்ளது இரண்டே வகை, பட்டா, புறம்போக்கு என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

ஒன்பதாம் நாள் தைலம்மாள் வந்தாள். கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டுகிறவள். புருஷன் பாவாடைக்கு மூத்திரப்பையில் புற்றுநோய். மாசக் கடைசிக்குள் கட்டியை எடுக்காவிட்டால் பரவிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உதவி ஆணை வந்தால்தான் ஆபரேஷன்.

படிவத்தில் ஏழாவது கேள்வி, 'பழுதடைந்த மரபணுவின் பெயர்'. நாராயணசாமி டாக்டர் கடிதத்தை மூன்று முறை படித்தார்.

"ஏம்மா, மரபணு எதுவும் கெடலைன்னு டாக்டரே எழுதியிருக்காரு. அப்புறம் எப்படி நோய் வரும்?"

"ஜீனு நல்லாத்தான் இருக்குதாங்க. அதுக்கு முன்னால சும்மா கெடக்குற எடத்துல ஒரு எழுத்து மாறிப்போச்சாம். அடங்கிக் கெடக்க வேண்டிய ஜீனு அதனால ஓயாம வேலை செஞ்சிக்கினே இருக்குதாம். மதகு ஒடைஞ்சா வயலு இன்னாங்க பண்ணும்?"

நாராயணசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சும்மா கிடக்கிற இடமா? எவ்வளவு?"

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பங்கு அப்படித்தானாம். ஒங்களுக்கும் எனக்கும் எல்லாருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. இந்தப் பிரிவுக்கு வந்தபின் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் இதுதான். உடனே எழுதினார்: 'சேதமுற்ற இடம் பட்டா அன்று, புறம்போக்கு எனத் தெரியவருவதாலும், புறம்போக்குச் சேதத்துக்கு நிவாரணம் வழங்க விதியில் இடமில்லாததாலும் மனு நிராகரிக்கப்படலாகிறது.'

படித்துக் காட்டினார். தைலம்மாள் அழவில்லை.

"சார், போன வருசம் ஓடையோரம் எங்க வூட்ட இடிச்சீங்களே, அது இன்னா எடம்?"

"ஓடைப் புறம்போக்கு. நானே நின்னு அளந்தேன்."

"ஜேசிபிய யாருங்க அனுப்புனது?"

"அரசாங்கம்தான். புறம்போக்குல எவன் உக்காந்தாலும் அகற்றுறது அரசாங்கத்தோட கடமை."

"அப்ப அவரு வயித்துல ஒரு கட்டி வந்து உக்காந்துக்கினு இருக்குது. அத்தயும் எடுத்துடுங்க."

நாராயணசாமி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தப்பிக்க ஒரு வரி கிடைக்கவில்லை. நேர்மையான மனிதர், விதி என்றால் விதிதான். ஏழு நாள் அவகாசம் கொடுத்து கட்டிக்கு நோட்டீஸ் தயாரானது. 'ஆக்கிரமிப்பாளர் நேரில் பெற மறுத்தபடியால்' அதைப் பாவாடையின் வயிற்றில் ஒட்டிப் போட்டோ எடுத்தார்கள். எட்டாம் நாள் ஆக்கிரமிப்பை அகற்ற ஆணை பிறந்தது. மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆபரேஷன் நடந்து பாவாடை பிழைத்தான்.

தொல்லை அதன்பிறகுதான். எல்லார் உடம்பிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு புறம்போக்கு என்று கோப்பில் இருந்த குறிப்பு எப்படியோ வெளியே கசிந்தது. இடஒதுக்கீட்டு மனுவோடு நின்ற சாதிச் சங்கங்கள் கொதித்தன.

"எங்களுக்கும் தொண்ணூத்தெட்டு, அவங்களுக்கும் தொண்ணூத்தெட்டா?" என்று மேசையைத் தட்டினார் சங்கத் தலைவர் மாயவன். "எப்படிங்க ஒண்ணா இருக்கும்? எங்களுத தனியா அளந்து பட்டா குடுங்க!"

எதிர்ச் சங்கத்தாரும் அதே மனுவைக் கொடுத்தார்கள், பெயரை மட்டும் மாற்றி. உடம்புப் புறம்போக்கை அளக்க நாராயணசாமியின் கீழ் நான்கு சர்வேயர்கள் போடப்பட்டார்கள். வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நீண்டது.

ஒருநாள் அந்த வரிசையில் தைலம்மாளும் பாவாடையும் வந்து நின்றார்கள். பாவாடை கொஞ்சம் இளைத்திருந்தான், சிரித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாருக்கும் புறம்போக்குக்குப் பட்டா தர்றீங்களாமே. எங்க வூடு இருந்த எடத்துக்கும் ஒண்ணு குடுங்க சார்."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாயவன், எதிர்ச் சங்கத்தார், நான்கு சர்வேயர்கள், எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"அது புறம்போக்காச்சேம்மா! அதுக்கு எப்படித் தருவாங்க?"

அந்த வருடம் முழுவதும் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். நாராயணசாமி மனம் நெகிழ்ந்து, 'ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார்.