வச்சுக்குவோம் ஐயா

உலகத்தில் இல்லாத இரும்பை வைத்து, இன்றுவரை நிற்கிற பாலத்தைக் கட்டிய மனிதர் ஒருவர்தான். அவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாது. வாயைத் திறந்தால் ‘வச்சுக்குவோம்’ என்பார். இலங்கையில் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அவர் வச்சுக்குவோம் ஐயா.

ரயில் பாதை வேலைக்குப் படம் வரைய வந்தவரை, பாலம் போட்டுத் தரச்சொல்லி எங்கள் தோட்டத்துத் தொரை பிடித்துவந்தார். கொழுந்து பறிக்கும் மலைக்கும் அதை அரைக்கும் ஸ்டோருக்கும் நடுவே ஆறு. முந்தின மழையில் கூடையோடு கடந்த என் அம்மாவை அது அரை மைல் இழுத்துப் போய்த்தான் விட்டது. தொழிலாளர் லயத்திலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்று, ஐயாவின் கணக்கைப் படியெடுக்க என்னைப் போட்டார்கள்.

முக்கோணம் முக்கோணமாகக் கம்பிகளை வரைந்துவிட்டு, “கம்பிக்குச் சொந்த எடையே இல்லைன்னு வச்சுக்குவோம்” என்றார். பக்கத்தில் நின்ற கங்காணி அதை அப்படியே நம்பி, கம்பி தூக்கிவர இரண்டே ஆளை அனுப்பினார். இருவரும் மூன்று நாள் குப்புறப் படுத்திருந்தார்கள்.

அடுத்து ஆசாரி மாட்டினார்.

“கம்பி சேர்ற மூட்டுல இருக்கிற ஆணி உரசாம சுத்துதுன்னு வச்சுக்குவோம்.”

“நான் அடிச்ச ஆணிங்க. யமன் வந்தாலும் சுத்தாது.”

“எனக்குத் தெரியும் ஆசாரி. கணக்குக்குத் தெரிய வேணாம்.”

படியெடுக்க எடுக்கத்தான் எனக்குப் புரிந்தது. இந்தப் பொய்களையெல்லாம் ஒப்புக்கொண்டால் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரே வேலை: ஒன்று இழுபடும், இல்லை நெரிபடும். அவ்வளவு பெரிய பாலம் என் சிலேட்டுக்குள் அடங்கிவிட்டது.

சோதனை நாள். பாலம் தொய்ந்தால் பிரித்துப் போடுவேன் என்று தொரை சொல்லியிருந்தார். சுமை மூட்டில் மட்டுமே விழும் என்பதும் ஐயாவின் வச்சுக்குவோம்களில் ஒன்று. ஆகவே மூட்டுக்கு நேர் மேலே பலகையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, கூடைக்காரிகளை அதற்குள் நிற்கச் சொன்னார்.

“பாண்டி விளையாடவா ஐயா கூட்டியாந்தீங்க?” என்றாள் அம்மா, முதல் வட்டத்தில் நின்றுகொண்டு.

ஐயா பாலத்தடியில், முழங்கால் தண்ணீரில் நின்றார். பாலத்துக்கு ஒரு விரல் கீழே கரைக்குக் கரை நூல் கட்டியிருந்தது. பாலம் நூலைத் தொட்டால் தோல்வி. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. நாற்பது பெண்களும் வட்டத்தை மறந்து, கூடையோடு அக்கரைக்கு ஓடினார்கள். பாலம் முனகியது. நூலைத் தொடவில்லை.

“கீழ ஏன் நின்னீங்க? விழுந்திருந்தா?” என்று பிறகு கேட்டேன்.

கால்சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “எல்லாத்தையும் வச்சுக்கிட்டேன் தம்பி. மேல போறது வெறும் சுமைன்னு மட்டும் வச்சுக்க முடியல.”

ரயில் பாதை வேலை முடிந்து அவர் எங்கே போனாரோ தெரியாது. மழை நாளில் அம்மா பாலத்தில் நடக்கும்போது, அவர் கீழேதான் நிற்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன்.