ஏப்ரல் ஒன்று மட்டும் பொறும்

ஜெயனி தும்மினாள்.

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ஸ்ரீதரன், கேத்திலை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"என்ன? தொடங்கீட்டுதோ?"

"தும்மினனான்."

"இன்னொருக்காத் தும்மாதையும். அடக்கும்."

"தும்மலை எப்பிடியப்பா அடக்கிறது?"

அன்று மார்ச் பதினெட்டு. படிப்பு முடிந்ததோடு, மாணவர்களுக்கான அவனுடைய தனியார் மருத்துவக் காப்புறுதி பெப்ரவரிக் கடைசியில் முடிந்துவிட்டது. டோர்வல் விமான நிலையத்தில் வேலை கிடைத்த கையோடு இரண்டு பேரையும் அரசாங்கக் காப்புறுதிக்கு மாற்றச் சொல்லி எழுதிப்போட்டிருந்தான். பதில் மூன்று பக்கம், முழுக்கப் பிரெஞ்சு. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த ஏப்ரல் ஒன்று என்ற திகதி மட்டும் அவனுக்கு விளங்கியது; காப்புறுதி தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டும். மிச்சத்தை அவன் புரட்டவில்லை.

நடுவில் முப்பத்தொரு நாள். இந்தக் கரையும் இல்லை, அந்தக் கரையும் இல்லை. மருத்துவர் பிள்ளைக்குக் குறித்திருந்த நாள் ஏப்ரல் ஐந்து. ஆனால் பிள்ளைக்கு நாட்காட்டி பார்க்கத் தெரியாதே.

அவனோடு பொதி ஏற்றுகிற பேரின்பநாதன் அண்ணை வேறு ஒரு கதை சொல்லியிருந்தார். "என்ர சிநேகிதன் ஒருத்தன் காப்புறுதி இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனவன். பில்லைப் பாத்திட்டு மயங்கி விழுந்தான். எழும்பினால், மயங்கினதுக்கும் பில் போட்டிருக்கினம்!"

அன்றிலிருந்து ஸ்ரீதரன் நித்திரை கொள்ளவில்லை.

அவர்கள் இருந்தது பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடி. படி ஏறி இறங்கினால் வலி வந்துவிடும் என்று மார்ச் தொடங்கியதிலிருந்தே ஜெயனியைக் கீழே இறங்க விடவில்லை. இரண்டே நாளில் அவளுக்குக் கால் வீங்கியது. கால் வீங்கியதைப் பார்த்துப் பயந்து, கட்டிலை விட்டே எழும்ப வேண்டாம் என்றான். முதுகு பிடித்துக்கொண்டது. மருத்துவரிடம் போகவேண்டிய நாளையும் போன் பண்ணி ஏப்ரலுக்குத் தள்ளிப்போட்டான்.

பகிடிப் படம் பார்த்து அவள் வயிறு குலுங்கச் சிரித்தபோது பாய்ந்துபோய் ரீவியை மாற்றினான். வந்தது ஒரு செத்தவீட்டுக் காட்சி. ஜெயனி விக்கி விக்கி அழத் தொடங்கினாள். சிரிப்பைவிட அழுகை வயிற்றை இன்னும் குலுக்கியது.

"ஐயோ, அழாதையும்! சிரியும்! இல்லை, வேண்டாம், சிரியாதையும்!"

கீழ்வீட்டு இந்திராதேவி அக்கா ஆசையாக அன்னாசி வெட்டிக் கொண்டுவந்தார். அன்னாசி சூடு என்று எங்கோ கேட்ட ஞாபகம். ஜெயனி கைநீட்டுமுன் ஸ்ரீதரன் முழுக்கோப்பையையும் தானே விழுங்கிவிட்டான். இரவெல்லாம் கழிவறையே கதி. நிறைமாதக்காரி எழும்பி அவனுக்கு மல்லித்தண்ணி அவித்தாள்.

"ஆருக்கப்பா பிள்ளை பிறக்கப்போகுது?" என்றாள் சுவரைப் பிடித்துக்கொண்டு.

வேலைக்குப் போகுமுன் தினமும் அவள் வயிற்றருகே குனிந்து கெஞ்சினான். "குஞ்சு, ஏப்ரல் ஒண்டு மட்டும் பொறும். அண்டைக்கு விடிய வாரும். அப்பா கேக்கிறன்."

இருபத்தோராம் திகதி மத்தியானம் ஜெயனி மெதுவாகச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, தண்ணிக்குடம் உடைஞ்சுபோச்சு."

"இன்னும் பதினொரு நாள் கிடக்கு!"

"அதைப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ!"

டாக்சி வந்தது. அவளை ஒவ்வொரு படியாக, முட்டையைத் தூக்குவது போலத் தாங்கி இறக்கி உள்ளே இருத்தினான். மறந்துபோன பையை எடுக்க மேலே பாய்ந்தான். திரும்பி இறங்கும்போது வெளிப்படியில் உறைந்திருந்த ஐஸ் காலை வாரியது. கடைசி நாலு படியையும் வலது கையை ஊன்றியபடி சறுக்கியே கடந்தான். கைக்குள் ஏதோ சடக்கென்றது. அதையெல்லாம் பார்க்க நேரமில்லை.

டாக்சிக்குள் ஜெயனி அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள். "எனக்குப் பயமாக் கிடக்கு."

இத்தனை நாளும் பயம் தனக்கு மட்டுந்தான் என்று நினைத்திருந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. அதன்பிறகு திகதியும் இல்லை, கடிதமும் இல்லை. "ஒண்டும் நடவாது. நான் இருக்கிறன்," என்று ஆஸ்பத்திரி வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

நாலு மணித்தியாலத்தில் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். பிள்ளை அவனை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. ஸ்ரீதரன் அழுதான். அழுது முடிந்ததும் பழைய பயம் திரும்பி வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது. பில் தேடி வருமுன் தானே போய் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று பதிவு மேசைக்குப் போனான்.

அங்கே இருந்த பெண்ணின் சட்டையில் மெலனி என்று பெயர் குத்தியிருந்தது. அவன் பெயரைச் சொன்னதும் பிரெஞ்சு ராகத்தில் தமிழ் கதைத்தாள். "சொல்லுங்கோ அண்ணை."

ஸ்ரீதரன் எல்லாவற்றையும் கொட்டினான். முடிந்த காப்புறுதி, வராத காப்புறுதி, அடக்கச் சொன்ன தும்மல், அன்னாசி. "பதினொரு நாள் முந்தீட்டுது தங்கச்சி. நான் எவ்வளவோ மறிச்சுப் பாத்தனான். எவ்வளவு வந்தாலும் மாதம் மாதம் கட்டுறன்," என்று இடது கையால் கடவுச்சீட்டை நீட்டினான்.

மெலனி கணினியைத் தட்டிப் பார்த்தாள். பிறகு எட்டி, பலாக்காய் போல் வீங்கிப்போயிருந்த அவனுடைய வலது மணிக்கட்டைப் பார்த்தாள்.

"பிள்ளைப்பேறுக்குக் காத்திருப்புக் காலமே இல்லை அண்ணை, அக்காவுக்கு ஒரு சதமும் இல்லை, ஏப்ரல் ஒண்டு மட்டும் பொறுக்கவேண்டியிருந்தது உங்கட கைதான்."