செலக்ஷன் அண்ணன் பாஸ் செய்த நாலு நிமிடம்

இந்த நாட்டில் சினிமாவுக்குச் சான்றிதழ் தரும் இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று அரசாங்கத்துடையது, அதற்குக் கட்டடம், கமிட்டி, முத்திரை எல்லாம் உண்டு. மற்றது ஆம்பூரில் எங்கள் தெருமுனை டீக்கடையின் இடதுபக்க பெஞ்ச். முத்திரை கிடையாது, கமிட்டியும் ஒரே ஆள்தான். ஆனால் முன்னது 'யு' கொடுத்த படத்துக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு ஈ, காக்கை போகாமல் இருந்ததுண்டு. பின்னது 'ம்' என்று தலையை ஆட்டிவிட்டால் முழங்கால் வலிக்காரர்கள்கூட ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

அந்த ஒற்றை ஆளை ஊரே 'செலக்ஷன்' என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். பதனிட்டு முடித்த ஆட்டுத்தோல் மேசைக்கு வந்ததும், ஒவ்வொன்றையும் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் தடவி, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ஷன் என்று பிரித்து அடுக்குவது அவர் வேலை. அதே கம்பெனியில் நான் ஏற்றுமதிக் காகிதங்களை டைப் செய்துகொண்டிருந்தேன். தோலையே தொடாமல் தோல் தொழிலில் தலை நரைத்தவன் என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் வியந்து சொல்வார். எனக்கு அவர் வைத்த பெயர் 'டாக்குமெண்ட்'.

எங்கள் கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. தமிழ்ப் படங்கள் வெளியாவதும் வெள்ளிக்கிழமை. இது தற்செயல் என்று செலக்ஷன் அண்ணன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆகாத மனிதர், கேட்பாரும் இல்லை. காலைக் காட்சிக்குப் போய்விட்டு வந்து மதியம் பெஞ்சில் உட்காருவார். ஜும்மா தொழுகை முடித்து யூசுப் பாய் வருவார். பள்ளிகொண்டா ரங்கநாதரைச் சனிக்கிழமை தவறாமல் சேவிக்கும் பரந்தாமன் வருவார். சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளியை நடத்தும், ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஜெபமணி வருவார். மூன்று பேரும் பக்தியில் சளைத்தவர்கள் அல்லர். மாதம் ஒரு சினிமா இல்லாவிட்டால் மூன்று வீட்டிலும் சோறு வேகாது என்பதும் உண்மை. ஆகவே தீர்ப்புக்குக் காத்திருப்பார்கள்.

"யூசுப் பாய் வீட்டுக்கு ஃபர்ஸ்ட். பரந்தாமன் வீட்டுக்கு செகண்ட். சாமிய ஒரு எடத்துல கிண்டல் பண்றான், பெருசா இல்ல, உண்ணி கடிச்ச தழும்பு மாதிரி. ஜெபமணி வீட்டுக்கு ரிஜெக்ஷன். பேய் வருது."

"அது எப்டிண்ணா, ஒரே படம் மூணு தரம்?" என்று நான் ஒருமுறை மடக்கினேன்.

"டாக்குமெண்ட், ஷூவுக்கு ஆவாத தோலு கையுறைக்கு ஆவும். அதுக்கும் ஆவாதது பெல்ட்டுக்கு ஆவும். தோலு இன்னா பாவம் பண்ணுச்சு? எதுக்கு வெட்றோம்ன்றதுதான் விஷயம்."

அரசாங்கம் இப்போதுதான் ஏழு வயது, பதிமூன்று வயது, பதினாறு வயது என்று பிரித்துச் சான்றிதழ் கொடுக்கிறது. செலக்ஷன் அண்ணன் வயதால் பிரிக்கவில்லை, வீட்டால் பிரித்தார்.

'செகண்ட்' என்றால் படம் பார்க்கலாம், ஆனால் வெட்டு உண்டு. வெட்டு என்பது படத்தில் இல்லை, பார்ப்பவர்களிடம். "இடைவேளை முடிஞ்சி பன்னெண்டாவது நிமிஷம் ஒரு பாட்டு. ஹீரோயின் கடல்ல இருந்து வெளிய வர்றப்போ நீங்க தியேட்டர்ல இருந்து வெளிய வந்துடணும். அஞ்சு நிமிஷம் கழிச்சி உள்ள போங்க." அதன்படி எங்கள் தெருக்காரர்கள் இரண்டு முழு வரிசையாக எழுந்து, குழந்தைகளை முன்னால் தள்ளிக்கொண்டு, தீயணைப்பு ஒத்திகைபோல் வெளியேறுவார்கள். தியேட்டர் கேன்டீன்காரர் முதல் நாளே அண்ணனிடம் வந்து, "எத்தினி வெட்டுண்ணா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சமோசாவுக்கு மாவு பிசைவார். மூன்று வெட்டு உள்ள படம் அவருக்கு வெள்ளிவிழாப் படம். வெட்டே இல்லாத பக்திப் படம் வந்தால், "இந்த மாதிரி படம்லாம் எதுக்குண்ணா எடுக்குறானுங்க?" என்று கண் கலங்குவார்.

இந்த அடிமைத்தனத்தை எதிர்த்து நான் ஒருமுறை புரட்சி செய்தேன். நாலு மொழி இலக்கியம் படித்தவன், எந்தப் படம் பார்ப்பது என்று தோல் தடவுகிறவரிடமா கேட்பது? 'யு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு படத்துக்கு, விரிஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த மாமியாரைக் கம்பீரமாக அழைத்துப் போனேன். நாற்பதாவது நிமிடம் மழை பிடித்தது. கதாநாயகியும் கதாநாயகனும் ஒதுங்க இடமில்லாமல் ஒருவரிடம் ஒருவர் ஒதுங்கினார்கள். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் மார்க்கபந்தீஸ்வரரை வலம் வருகிற மாமியார் எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து, வாய்க்குள் சிவபுராணத்தை முணுமுணுத்தார். நான் கதவுக்கு மேலே எரிந்த 'வெளியே' என்ற பலகையைப் பதினேழு முறை படித்தேன். நடை எளிமையாக இருந்தது. அதன் பிறகு நாலு நாள் என் வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை.

"ஏண்ணா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலியே டாக்குமெண்ட். படிச்சவன் ஆச்சேன்னு வுட்டுட்டேன்."

ஆனால் அவரை வெறும் முத்தக் கணக்கர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு படம் வந்தது. முத்தம் இல்லை, ரத்தம் இல்லை, பாட்டெல்லாம் கழுத்துவரை பொத்தான் போட்ட பாட்டு. மூன்று வீட்டாரும் கிளம்பத் தயாராக இருந்தார்கள். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, "மூணு வீட்டுக்கும் ரிஜெக்ஷன்" என்றார். கதாநாயகன் ஒரு பெண்ணை நடுத்தெருவில் அறைகிறான், அடுத்த காட்சியில் அவள் அவனையே காதலிக்கிறாளாம். "மேல பளபளன்னு கீது. நான் திருப்பி, சதைப் பக்கம் பார்த்தேன். முழுக்க ஓட்டை. நம்ம பொண்ணுங்களுக்கு இத எதுக்குக் காட்டணும்?" யூசுப் பாய்க்கு ஐந்து பெண்கள். அவர் எழுந்து நின்று அண்ணனுக்கு இன்னொரு டீ சொன்னார்.

இப்படிப்பட்டவருடைய பெஞ்சுக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை ஜெபமணியின் மனைவி ரூபி அக்கா வந்து நின்றார். பெண்கள் யாரும் அதுவரை பெஞ்சுக்கு வந்ததில்லை.

விஷயம் தெருவுக்கே தெரிந்ததுதான். அவர்களுடைய ஒரே பெண் கிரேஸ், பேங்க் வேலைக்குப் படிக்கிறேன் என்று சென்னைக்குப் போய், சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்துவிட்டாள். ஒன்றரை வருடமாக ஜெபமணி அவளோடு பேசவில்லை. இருபது வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு 'கண்ணைக் காத்துக்கொள், காதைக் காத்துக்கொள்' என்று பாட்டுச் சொல்லித் தருகிறவர். மகள் சினிமாவில் என்ன செய்கிறாள் என்று கேட்கக்கூட மறுத்துவிட்டார்.

"அவ வேல பார்த்த மொத படம் இன்னிக்கு ரிலீஸ்ணா. அப்பாவ ஒரே ஒரு தடவ கேக்கச் சொல்லும்மான்னு அழுவுறா. இவரு, 'செலக்ஷன் பாஸ் பண்ணா வர்றேன்'னுட்டாரு." ரூபி அக்கா குரலைத் தாழ்த்தினார். "படம் 'ஏ'ணா."

செலக்ஷன் அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "பொண்ணு நடிக்குதா?"

"இல்ல, நடக்குறா."

விளக்கம் கேட்டு, போனில் கிரேஸையே பிடித்துப் பேசிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் நடப்பவர்களுக்கு ஏற்றபடி செருப்பும் பூட்ஸும் மாற்றி மாற்றிப் போட்டு நடந்து, காலடிச் சத்தத்தைத் தருவது அவள் வேலை. ஷூ கம்பெனி சூப்பர்வைசர் மகள் வேறு எதற்குப் போவாள்?

அண்ணன் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கேன்டீன்காரர் ஆள் போய்விட்டாரோ என்று பயந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாராம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜெபமணி பெஞ்சுக்கு வந்தார். கை பின்னால் கட்டியிருந்தது. மேசைமேல் வந்த தோல் மாதிரிதான் நின்றார்.

"ஜெபமணி, படம் ரிஜெக்ஷன். வெட்டுக்குத்து, வாயத் தொறந்தா கெட்ட வார்த்த."

ஜெபமணி தலையசைத்துத் திரும்பினார்.

"நில்லு. ஓட்டை வுழுந்த தோல்லயும் நல்ல எடமா ஒரு துண்டு வெட்டுவோம்ல? நாப்பத்தேழாவது நிமிஷம். ஜெயில்ல இருக்கற மவனப் பார்த்துட்டு ஒரு அப்பன் வீட்டுக்கு நடந்து வர்றான். நாலு நிமிஷம். பேச்சு இல்ல, பாட்டு இல்ல. செருப்பு சத்தம் மட்டும்தான். ஃபர்ஸ்ட் குவாலிட்டி. நான் பாஸ் பண்றேன்."

இத்தனை வருடமாக எங்களுக்கு எப்போது வெளியே வர வேண்டும் என்று சொன்னவர், முதல்முறையாக எப்போது உள்ளே போக வேண்டும் என்று சொன்னார்.

அடுத்த நாள் மேட்னி. ஜெபமணி கொரோனா காலத்து முகக்கவசத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். டிக்கெட் கிழிக்கிற பையன் நிமிர்ந்து பார்த்ததும், "ஸ்தோத்திரம் சார்!" என்று கூவினான். பழைய ஓய்வுநாள் பள்ளி மாணவன். "சார், இது 'ஏ' படம். பதினெட்டு ஆயிடுச்சான்னு ஆதார் பாக்கச் சொல்லிகிறாங்க சார்." ஐம்பத்தெட்டு வயது ஜெபமணி உண்மையிலேயே பாக்கெட்டில் ஆதாரைத் தேடினார்.

ஜெபமணி, ரூபி அக்கா, அண்ணன், நான் என்று நாலு பேரும் வெளியே கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கேன்டீன்காரருக்குத் தாங்கவில்லை. "இன்னாண்ணா, படம் போட்டு அரை மணி நேரம் ஆவுது, இன்னும் வெளியவே குந்திகினு கீறீங்க?"

"வெட்டு இன்னும் முடியல" என்றார் அண்ணன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

நாற்பத்தாறாவது நிமிடம் எழுந்தோம். இருட்டில் தடவி உட்கார்ந்தோம். ஜெபமணி கண்களை இறுக மூடிக்கொண்டார். அவருக்கு நேர் பின் வரிசையில் அண்ணன், பக்கத்தில் நான்.

திரையில் நீண்ட தார் ரோடு. ஒரு வயசானவர் நடந்து வருகிறார். சரக்... தப். சரக்... தப். இடது கால் லேசாக இழுத்து வருகிறது, வலது கால் அழுத்தி ஊன்றுகிறது. நடுவில் ஒரு முறை நடை நின்றது, ஏதோ யோசித்ததுபோல். பிறகு மறுபடி சரக்... தப்.

"ஏங்க!" ரூபி அக்காவின் ரகசியக் குரல் பால்கனிவரை கேட்டது. "இது உங்க நடைங்க!"

"உஷ்!" என்றது முன் வரிசை.

ஜெபமணி கண்ணைத் திறந்தார். தன் காலைக் குனிந்து பார்த்தார். திரையைப் பார்த்தார். நாலு நிமிடம் முடிந்தது. அண்ணன் குனிந்து, "அவ்ளோதான், எழுந்திரு, அடுத்தது அசிங்கம்" என்று தோளைத் தட்டினார். ஜெபமணி எழவில்லை.

"அந்தாளு திரும்ப நடப்பானா?"

"நடப்பான். அஞ்சாறு தடவ. போலீஸ்காரன் பூட்ஸும் கிரேஸ்தான். ஆனா நடுவுல எல்லாம் வார்த்த ஜாஸ்தி ஜெபமணி."

"நான் இருக்கேன்."

அப்போதுதான் செலக்ஷன் அண்ணன் அதைச் செய்தார். பின்னாலிருந்து இரண்டு கைகளையும் நீட்டி, ஜெபமணியின் காதுகளைப் பொத்தினார். கெட்ட வார்த்தை வரும் இடமெல்லாம் மூன்று முறை பார்த்ததில் மனப்பாடம். வசவு வந்தால் கை மூடும், காலடி வந்தால் திறக்கும். ஒரே ஒரு இடத்தில் அரை நொடி பிந்திவிட்டது. ஜெபமணி திரும்பாமலே, "பரவால்ல வுடு, நம்ம லைன்ல தெனம் கேக்கறதுதானே" என்றார்.

"அது சம்பளம் வாங்கிக் கேக்கறது. இது டிக்கெட் வாங்கிக் கேக்கறது" என்று அண்ணன் மறுபடி பொத்தினார்.

படத்தின் முடிவு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் ஜெபமணி முகக்கவசத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார். ரூபி அக்காவிடம் போனைக் கேட்டு வாங்கினார். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"அம்மா?"

"நான்தான்."

அந்தப் பக்கம் ஒரு செருப்பு கீழே விழுந்த சத்தம். பிறகு, "அப்பா... அது 'ஏ' படம்பா."

"தெரியும். செலக்ஷன் பாஸ் பண்ணிட்டான்."

"எப்டிப்பா இருந்துச்சு?"

ஜெபமணி தொண்டையைச் செருமினார். கம்பெனியில் சாம்பிள் ஷூவைக் கையில் வாங்கும்போது செருமுவது போலவே.

"எடது கால் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. நான் இன்னா அவ்ளோவா இழுத்துகினு நடக்கறேன்?"

"ஆமாம்பா," என்றாள் கிரேஸ், அழுதுகொண்டே சிரித்து. "இங்க வந்து கேட்டுப் பாருங்க, கம்மி பண்ணிக் காட்டுறேன்."

"வர்றேன். நீ சாப்டியா மொதல்ல?"

நாங்கள் இருவரும் நாகரிகமாக விலகி ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கு நடந்தோம். அண்ணன் சாவியை என்னிடம் நீட்டினார். ஒன்றரை மணி நேரம் தூக்கிப் பிடித்ததில் இரண்டு கையும் மரத்துப்போய், விரல் மடங்கவில்லையாம். வண்டியை நான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து, அடுத்த வெள்ளிக்கிழமை வரப்போகும் படத்தின் போஸ்டரே சரியில்லை, தேர்டு தேறினால் பெரிசு என்று என் காதுக்குள் கத்திக்கொண்டே வந்தார். வீடு அங்கிருந்து ஐந்து நிமிடம். நான் பாலாற்றுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.